அருளப்பனும் தானியேலும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம் கடற்கரையில் நிற்கும் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் கட்டியவர் ஜான் டி மான்டி என்ற போர்த்துகீசிய வணிகர். இந்தத் தகவலுக்குள் இரண்டு எபிரேயச் சொற்கள் இருக்கின்றன. கார்மேல் என்பது இஸ்ரேலின் ஹைஃபா நகரையொட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் மலை. எபிரேயத்தில் அச்சொல்லுக்குப் பழத்தோட்டம், செழித்த நிலம் என்று பொருள். ஜான் என்பதன் மூல வடிவம் யோஹனான். இதில் ‘யோ’ இறைவனின் திருப்பெயரான யாவேயின் சுருக்கம். ‘ஹனான்’ என்றால் அருளினார். ‘ஆண்டவர் அருளினார்’ என்ற முழு வாக்கியமே ஆளின் பெயராகியிருக்கிறது. கிரேக்கமும் லத்தீனும் கடந்து வந்த அந்தப் பெயர், சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களுக்கு யான். செங்கல்பட்டில் பள்ளி நடத்திய ஸ்காட்லாந்து மிஷனரிகளுக்கு ஜான், இயன். இத்தனை வடிவங்களில் எதைச் சொன்னாலும் மூலத்தின் வாக்கியம் காதில் விழுவதில்லை. அதை மீட்டுக் கொடுத்த மொழிகளில் தமிழும் ஒன்று என்பதும், ஆங்கிலம் வழியாக வந்த வடிவங்களைவிட நம் பழைய வடிவங்களே எபிரேயத்துக்கு நெருக்கமானவை என்பதும் என் கருத்து.

தமிழ்க் கத்தோலிக்கர் யோஹனானை அருளப்பன் என்று அழைத்தார்கள். ஹனான் என்ற வினையின் பொருளை ‘அருள்’ அப்படியே ஏந்திக்கொண்டது. தம் பெயரிலேயே யோசேப்பைக் கொண்டிருந்த இத்தாலியரான பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர் வைத்தார். காப்பியத் தலைவரான யோசேப்பு அதில் வளன் ஆனார். யோசேப்பு என்றால் ‘அவர் கூட்டித் தருவாராக’ என்று பொருள். நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ராகேல், இன்னொரு மகனையும் ஆண்டவர் தரட்டும் என்று வேண்டி இப்பெயரை வைத்ததாகத் தொடக்கநூல் சொல்கிறது. பெருகுதல், கூடுதல் என்ற அந்தக் கருத்துக்கு வளனைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. பவுல் எபிரேயப் பெயர் அன்று; ‘சிறியவர்’ என்ற பொருளுள்ள லத்தீன் பெயர். அதுவும் சின்னப்பர் ஆயிற்று என்பதால், பொருளறிந்து பெயர்ப்பது தற்செயலாக நேர்ந்ததாக இருக்க முடியாது. மரியாளின் பெயரோ மரி, மரியம்மாள் என்று ஒலியளவிலேயே நின்றது. மிரியாம் என்ற அந்த எபிரேயப் பெயருக்குக் கசப்பு, அன்புக்குரியவள் என்று வெவ்வேறு பொருள் சொல்லி அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. பொருள் தெளிவாக இருந்த பெயர்களில் சிலவற்றை மாற்றினார்கள், தெளியாததை விட்டுவைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பேதுருவுக்கு வழங்கிய இராயப்பர் என்ற பெயரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன். பேதுரு என்றால் பாறை; தெலுங்கில் ‘ராயி’ கல் என்பதும் உண்மை. ஆனால் தமிழ்க் காதுக்கு அதில் அரசரைக் குறிக்கும் இராயரே கேட்கிறார்.

ஆளின் பெயரை மொழிபெயர்க்கலாமா என்ற தடை இங்கே எழும். பெயர் ஓர் அடையாளம். அதை மாற்றினால் ஆளே மாறிவிடுவார் என்பது நியாயமான அச்சம்தான். ஆனால் நற்செய்தி நூல்களே இதைச் செய்திருக்கின்றன. அரமேயத்தில் பாறையைக் குறிக்கும் கேபா என்ற பெயரைக் கிரேக்கத்தில் பேதுரு என்று பொருள்பெயர்த்தவை அவை. இரட்டையர் என்ற பொருளுள்ள தோமாவுக்குப் பக்கத்தில் திதிமு என்ற கிரேக்கச் சொல்லை வைத்தவையும் அவையே. தொடக்கநூலில் பிள்ளை பிறந்தவுடன் பெயரும், பெயர் வைத்த காரணமும் சேர்ந்தே வரும். சாராள் சிரித்தாள், மகன் ஈசாக்கு, அதாவது ‘நகைப்பான்’ ஆனான். ராகேல் சாகும் தறுவாயில் ‘என் துயரத்தின் மகன்’ என்று பெயரிட்ட பிள்ளையை, யாக்கோபு ‘வலக்கையின் மகன்’ என்ற பொருளில் பென்யமீன் ஆக்கினார். பொருள் கேட்காத பெயர் எபிரேயர் காதுக்குப் பாதிப் பெயர்தான்.

எல்லாப் பெயரையும் இப்படிப் பெயர்க்கவில்லை. பெரும்பாலானவை ஒலியாகவே வந்தன. செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானபோது பேராலயமான தேவாலயத்தின் காவலர் சூசையப்பர், அதாவது யோசேப்பு. போர்த்துகீசியரின் ஜோசே என்ற உச்சரிப்பைக் காதால் வாங்கிய வடிவம் அது. சீர்திருத்தச் சபையார் வழக்கில் ஊன்றிய தானியேல், சாமுவேல், இம்மானுவேல், யோவேல் ஆகியவற்றை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். இவற்றின் கடைசியில் நிற்பது ‘ஏல்’, எபிரேயத்தில் கடவுள். தமிழில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவே உடம்படுமெய் தோன்றும்: இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம், மற்ற உயிர்களின் பின் வகரம், ஏகாரத்தின் பின் இரண்டும் என்பது நன்னூல் விதி. தானி+ஏல் தானியேல், கபிரி+ஏல் கபிரியேல், சாமு+ஏல் சாமுவேல், யோ+ஏல் யோவேல். நன்னூலை எழுதிய பவணந்தியாரே உட்கார்ந்து புணர்த்தியதுபோல் இருக்கிறது. கத்தோலிக்க வழக்கின் இஸ்ராயேல் விதிக்கு ஒத்துவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீர்திருத்தச் சபையாரின் இஸ்ரவேல் ஒத்துவருகிறது.

திருப்போரூர் முருகனைக் கும்பிடும் வட்டாரத்தில் சக்திவேல், கதிர்வேலுக்குப் பக்கத்தில் சாமுவேலும் இம்மானுவேலும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் நான்கும் ‘வேல்’ என்றே முடியும். இதைப் பிடித்துக்கொண்டு ஏல்தான் வேல், எபிரேயமும் தமிழே என்று சொல்பவர்கள் உண்டு. வகரம் புணர்ச்சியில் வந்தது என்பதற்குத் தானியேலே சாட்சி. வேல் மூலச்சொல்லாக இருந்திருந்தால் அங்கே யகரம் வந்திருக்காது. இவை ஐரோப்பிய மிஷனரிகள் அமைத்த வடிவங்கள், இதில் தமிழின் பங்கு என்ன என்று கேட்கலாம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது உண்மை. ஆனால் யகரமும் வகரமும் ஜெர்மானிய இலக்கணத்தில் வந்தவை அல்ல. இந்த மண்ணின் நாக்கு கேட்டு வாங்கியவை.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். எல்லாச் சபைகளுக்கும் ஒரே வேதம் வேண்டுமென்றால் அது தேவைதான்; யோவானில் அந்த ‘யோ’வாவது தங்கியிருக்கிறது. இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. இன்று பிள்ளைகளுக்கு ஜான், டேனியல், மைக்கேல் என்று ஆங்கிலம் வழியாகப் பெயர் வைக்கிறோம். ஜானில் யாவேயும் இல்லை, அருளும் இல்லை. டேனியலில் ஏல் குறுகி, வெறும் யல் ஆகிவிட்டது. ‘கடவுளே என் நடுவர்’ என்ற பொருளுள்ள பெயரில் கடவுள் இருந்த இடம் அது. பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் பெற்றோரே, தானியேல் என்றே எழுதிக் கொடுங்கள். அருளப்பன் என்று வைக்க மனமிருந்தால் தயங்காமல் வையுங்கள்.