சேர்ப்பதும் காப்பதும்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் நாளடைவில் கறுக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே காரணம். வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களைச் சேர்க்கும் அன்பரே, உங்கள் சேகரிப்பும் இப்படித்தான். அரியதொன்று கைக்கு வரும் மகிழ்ச்சி பெரிதுதான். ஆனால் 1987-இல் அமெரிக்காவில் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ கார்ட்ரிட்ஜில் விளையாட்டின் பதிவைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்தால் பதிவும் அழியும்.

நூல்களுக்கும் அழிவு உண்டு. பழைய காகிதத்திலுள்ள அமிலம் அதைப் பொடியாக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா ஏறத்தாழ 1 லட்சம் நூல்களையும் இதழ்களையும் பிற அச்சுப் பொருள்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் உருவாயிற்று. அங்கே நூல்கள் பட்டியலிடப்பட்டன; நுண்படச் சுருள்களிலும் பதிவாயின.

சேர்ப்பது பாதி வேலை; காப்பது மீதி. இன்றே உங்கள் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.