தாழை விழுதில் கட்டிய ஊசல்

தோட்டத்தில் பிள்ளைகள் விளையாட இடம் ஒதுக்குவது அடுக்குமாடிக் காலத்து யோசனை என்று நினைப்பவர்கள் அகநானூற்றின் 20-ஆம் பாடலைப் புரட்டிப் பார்க்கலாம். உலோச்சனார் பாடியது, நெய்தல் திணை. அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த கொழுத்த மீன் காய்கிறது. பறவை கொத்தாமல் விரட்டுவது பெண்பிள்ளைகளின் வேலை. நடுநடுவே மணல்மேட்டுப் புன்னை நிழலில் இளைப்பாறுகிறார்கள், நண்டு வளையைத் தோண்டுகிறார்கள். ஞாழல் மரத்தின் உயர்ந்த கிளையில் தாழை விழுதையே கயிறாக்கி ஊசல் கட்டியிருக்கிறது. கீழைக்காற்று குவித்த மணலில் குரவை. அதுவும் சலித்தால் அலையில் ஆட்டம்.

நிழல், மணல், ஊஞ்சல், தண்ணீர். இன்றைய பூங்கா வடிவமைப்பாளர் இதற்குமேல் என்ன சேர்த்துவிடுவார்?

சோழமண்டலக் கரையில் உள்ள மரக்காணத்தைச் சங்ககாலத்து எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனின் அந்தத் துறைமுகத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டும்போது மதிலைவிடச் செடிகொடிகள்தான் முன்னால் வருகின்றன: தாழை, செருந்தி, முண்டகம், நெடிய புன்னை, அவற்றுக்கிடையே வெண்மணல். உலோச்சனாரின் பிள்ளைகளை அப்படியே கொண்டுவந்து இங்கே விடலாம்.

ஆனால் மரக்காணத்து உப்பளத்தில் அவர்களை விட முடியாது. பாத்தியின் தரை மிதித்து மிதித்துச் சமனாக்கிய களிமண். சின்னக் கால்தடம் பதிந்தாலும் உப்போடு சேறு வரும். வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும், உப்புநீர் காலில் வெடிப்பை எரியவைக்கும். தை பிறந்து வேலை தொடங்கினால் மழைக்காலம் வரை வரப்பில் நிழல் என்பதே கிடையாது. ஆனாலும் உப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளை அதே சிறுபாணாற்றுப்படை மறக்கவில்லை. கொற்கைப் பக்கத்துக் காட்சி அது: உமணர் வண்டியோடு வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு மூடி, உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டுகிறது. அப்பா அம்மா வியாபாரத்தில் இருக்க, பிள்ளைக்குத் துணை ஒரு குரங்கு! காவல் ஏற்பாடு என்று பார்த்தால் கொஞ்சம் பலவீனம்தான்.

காவல் பலமாக இருந்தது மீன் காயும் களத்தில். அங்கே பெரியவர்கள் எப்படியும் வந்துபோவார்கள். உலோச்சனார் பாட்டிலும் கடைசியில் தாய் மகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். ஊசலுக்குப் பயந்து அல்ல. நிலவொளி படிந்த மணலில் ஒரு தேர் சுற்றிச் சுற்றி வருவதாக ஊர்ப்பெண்கள் பேசிய பேச்சுக்குப் பயந்து.

மணலில் வீடு கட்டுவது பிறகு இலக்கியச் சடங்காகவே நிலைத்தது. ஆண்டாள் தன் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவம், பெண்பால் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவம்.

அமெரிக்காவுக்கு இந்த மணல் விளையாட்டு 1885-இல்தான் போய்ச் சேர்ந்தது. பெர்லின் பூங்காக்களில் பிள்ளைகளுக்காகக் கொட்டியிருந்த மணல்குவியலைப் பார்த்த மருத்துவர் மேரி சாக்ரெவ்ஸ்கா பாஸ்டனுக்கு எழுதினார். அங்கே பார்மென்டர் தெருவில் ஒரு மணல்குவியல் வந்தது. அமெரிக்க விளையாட்டுத் திடல்களின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இன்று தரும் கணக்கு இது: 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்குக் கீழே 9 அங்குலம் தளர்வான மணல் வேண்டும். புல்தரையையும் வெறும் மண்ணையும் ஆணையம் பாதுகாப்பான தரையாக ஏற்பதில்லை. சிமென்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மரக்காணம் கரையில் புன்னை குறைந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையெங்கும் விறகுக்காகப் பரப்பிய சவுக்குதான் இன்று மணற்காடு. நெருக்கி நட்டுச் சில ஆண்டுகளில் வெட்டிவிடும் மரம். ஊஞ்சலுக்குக் கிளை கிடைக்காது, உதிர்ந்த காய் வெறுங்காலைக் குத்தும். ஊஞ்சல் ஆட வேண்டுமென்றால் வீட்டுப் பக்கத்து வேம்பையோ பூவரசையோதான் தேட வேண்டும். அந்த மரத்தடியிலும் சிமென்டு போட்டிருந்தால், ஊஞ்சல் முன்னும் பின்னும் போய்வரும் நீளத்துக்காவது அதைப் பெயர்த்து மணல் கொட்டுவது நல்லது; வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும், பூனை அசிங்கம் பண்ணாமல் இரவில் பழைய வலையொன்றைப் போட்டு மூட வேண்டும். வலைக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை.