திருகிய துடுப்பும் மணிக்கட்டும்

அவிநாசிக்காரனுக்கும் கயாக்குக்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்பீங்க. நம்ம நல்லாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். ஆனால் மலை தாண்டினால் கோழிக்கோடு மாவட்டம். அங்கே கோடஞ்சேரி பக்கம் 2013-ல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர்களும் வந்து வெள்ளத்தில் கயாக் ஓட்டுகிறார்கள். கயாக் துடுப்புக்கு இரண்டு முனையிலும் பலகை உண்டு. பல துடுப்புகளில் ஒரு பலகை நேராக இருந்தால் மற்றது திரும்பி இருக்கும். அந்தத் திருகல் எப்படி வந்தது?

கயாக்கைப் படைத்த ஆர்க்டிக் மக்களிடம் அது இல்லை. கிரீன்லாந்துத் துடுப்பின் பலகை ஒல்லி, காற்று பெரிதாகப் பிடிக்காது. ஐரோப்பாவில் இது விளையாட்டானதும் வேகத்துக்காகப் பலகை அகலமானது. அகலமானதும் எதிர்காற்று தள்ள ஆரம்பித்தது. அதனால் ஒன்று நீரைத் தள்ளும்போது, மேலே இருப்பது கத்தி மாதிரி காற்றைக் கிழிக்கட்டும் என்று திருகினார்கள். 1936 பெர்லினில் கயாக் ஒலிம்பிக் பந்தயமானது. அப்புறம் வெகுகாலம் 90 டிகிரியோ அதை ஒட்டியோதான் வழக்கம்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் லாபம் காற்றில், செலவு மணிக்கட்டில்! ஒவ்வொரு முறை மறுபக்கம் போடும்போதும் வலது கை தண்டைத் திருப்ப வேண்டும். முன்கையை உயர்த்தும்போதே தண்டு கொஞ்சம் தானாகத் திரும்பும். மீதியை மணிக்கட்டைப் பின்னால் மடக்கித்தான் சமாளிக்கணும். அதனால் கோணம் மெல்லக் குறைந்து, 30, 45, 60 என்று வந்தது.

ஆனால் பழி முழுக்கத் திருகலுக்குத்தானா? தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூரப் பந்தயங்களை வைத்து 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 23 சதவீதம் பேருக்கு மணிக்கட்டுத் தசைநாண் உறையில் வீக்கம். அதற்கும் பலகைக் கோணத்துக்கும் தொடர்பே இல்லை என்றார்கள்! தள்ளும்போது மணிக்கட்டைப் பின்னால் அதிகமாக மடக்குவது, காற்று, அலை இவைதான் காரணமாம். வாரம் 100 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கோணம் குறைந்தால் மடக்க வேண்டிய தேவை குறையும், அவ்வளவுதான். இறுக்கிப் பிடிக்கிற கைக்கு எந்தக் கோணமும் உதவாது.

சரி, எப்படிப் பிடிப்பது? ஒரு கைதான் தண்டைத் திருப்பணும், அதுவும் முழங்கையை உயர்த்தி. மறுகைக்குள் தண்டு தாராளமாகச் சுழலணும். தள்ளும்போது விரல்களைத் தளர்த்திவிட்டால் புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கும். இப்போது நடுவில் கழற்றி மாட்டும் துடுப்புகளில் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம், பூஜ்யம் உள்பட. இடதுகைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கத் திருகலும் உண்டு.