அச்சுக்கூடமும் குட்டிக் கணினியும்

1834ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனாரின் அச்சுக்கூடம் எமது மானிப்பாயிலே இயங்கத் தொடங்கியது. 58,500 சொற்களைக் கொண்ட தமிழகராதி ஒன்று 1842இல் அவ்வச்சுக்கூடத்திலிருந்து வெளிப்போந்தது. மானிப்பாய் அகராதி என்று அறிஞர் இன்றும் வழங்குவது அதனையே. அச்சுப்பொறி இங்கு வந்தது கிறித்து மத நூல்களை அச்சிடுதற்காகவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொறிக்கு மதம் ஏது? இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் நாவலர் பெருமான். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவரே 1849இல் சென்னைக்குச் சென்று ஓர் அச்சியந்திரத்தை வாங்கினார். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிச் சைவ நூல்களை அச்சேற்றினார். மிஷன் பாடசாலையிற் கற்று வந்த எமக்கு இவ்விரு அச்சுக்கூடங்களிலும் சமமான மதிப்புண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அச்சுக்கூடமன்று. நெட்புக் எனப்படும் குட்டிக் கணினியின் வரலாறும், அதனுள் விற்பனையாளர் வைத்தனுப்பிய பணிசெயல் முறைமையை நீக்கி வேறொன்றை நிறுவிய வரலாறுமே எமது பொருள். பணிசெயல் முறைமையாவது, கணினியின் உறுப்புக்களுக்கும் நாம் அதிற் செய்யும் வேலைகளுக்கும் இடையே நின்று இரண்டையும் நடத்துவிக்கும் மென்பொருள். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்றெழுத, தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர். விண்டோஸ், லினக்ஸ் என்பன இவ்வகையின. வாங்கிய பொறியிலே தமக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ளும் செய்கை யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று என்பதைக் காட்டவே நாவலரை முன்னிறுத்தினோம்.

பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னும் இயக்கத்தை அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபொன்ரி 2005ஆம் ஆண்டிலே அறிவித்தார். வறிய நாட்டுச் சிறாருக்கு நூறு டொலரில் ஒரு கணினி என்பதே அவரது கனவு. விலை நூறு டொலருக்கு இறங்கவேயில்லை. ஆனால் சிறிய, மலிவான கணினிக்கும் சந்தையுண்டு என்பதை வணிகர் கண்டுகொண்டனர். 2007 யூன் மாதம் தைப்பேயில் நடந்த கண்காட்சியிலே தாய்வான் நாட்டு அசூஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்னும் குட்டிக் கணினியை அறிமுகஞ்செய்து, அவ்வாண்டு ஒக்டோபரில் விற்பனைக்கு விட்டது. ஏழு அங்குலத் திரை. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. 512 மெகாபைட் நினைவகம். சுழலும் வன்தட்டு இல்லை. அதற்குப் பதிலாக நான்கு கிகாபைட் கொள்ளும் ஒரு சில்லு. பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி அளவே இருந்த அப்பொறிக்குள் விண்டோஸ் இருக்கவில்லை. லினக்ஸ் வழிவந்த சாந்திரோஸ் என்னும் முறைமையே இருந்தது.

காரணம் இரண்டு. அவ்வாண்டு வெளிவந்திருந்த விண்டோஸ் விஸ்ரா இச்சிறு பொறியிலே அசையமாட்டாது. லினக்ஸோ விலையின்றிக் கிடைப்பது. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஒரு முறைமையை எழுதிவருவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 21. எம்மையொத்த வயதினர் என்பதைக் குறித்துக்கொள்வோம். அதற்கு எட்டாண்டு முன்னரே, 1983இல், றிச்சார்ட் ஸ்ரோல்மன் குனூ இயக்கத்தைத் தொடங்கி, எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க மென்பொருளையே உலகம் வேண்டுகின்றது என்று முழங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்தே இன்றைய லினக்ஸ் ஆயின. 1993இல் டெபியன், 2004இல் உபுண்டு எனப் பல தொகுதிகள் அதன் மேலெழுந்தன. உபுண்டு இறுவட்டை 2011 வரை உலகின் எந்த மூலைக்கும் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள், அஞ்சற்செலவுகூட வாங்கவில்லை.

நெட்புக்கின் வெற்றியைக் கண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் வாளாவிருக்கவில்லை. 2008 யூனோடு விற்பனையை நிறுத்தவிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பியை, மலிவுக் கணினிகளுக்கு மட்டும் தொடர்ந்து கொடுப்பதென அவ்வாண்டு ஏப்ரலிலே தீர்மானித்தது. ஓரிரு ஆண்டுக்குள் கடைகளிலிருந்த நெட்புக்குகளிற் பெரும்பாலானவை எக்ஸ்பியோடேயே வந்தன. மக்கள் லினக்ஸை வெறுத்தார்கள் என்று சிலர் எழுதினர். நாம் அதனை ஒப்போம். பழகிய முகத்தை மக்கள் நாடினார்கள் என்பதே பொருத்தம். வேலை கொடுப்போனும் அலுவலகமும் கேட்பது எதுவோ அதையே படிக்க வேண்டுமென்று எண்ணுவது இயல்பு. இக்காரணத்தைப் பின்னர் மானிப்பாயிலேயே காட்டுவோம்.

இனி, நிறுவும் முறை. எம்மிடம் வந்துசேர்ந்த பழைய 701 ஒன்றிற் செய்து பார்த்ததைக் கொண்டே இதனை எழுதுகின்றோம். நெட்புக்கில் இறுவட்டுச் செலுத்தி கிடையாது. ஆதலின் வேறொரு கணினியிலிருந்து முறைமையின் படிமத்தைப் பென்டிரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளல் வேண்டும். சாதாரணமாகக் கோவையைப் பிரதி செய்வதுபோற் செய்தாற் பலிக்காது. அதற்கென்றுள்ள மென்பொருளாலேயே எழுத வேண்டும். பென்டிரைவைச் செருகிப் பொறியை முடுக்கியவுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தெரிந்தால், உள்ளிருக்கும் பழைய முறைமையைத் தொடாமலே புதியது திரையில் எழும். பிடித்தால் நிறுவலாம், பிடியாவிட்டாற் கழற்றிவிடலாம். மாப்பிள்ளை பார்க்கும் படலம் போன்றதே இது! ஆனால் நிறுவ ஒப்பிச் சில்லைப் பிரிவு செய்து அழித்துவிட்டால் உள்ளிருந்த படங்களும் கடிதங்களும் மீளா. முதலிற் பிரதியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

வன்தட்டுக்கு இல்லாத ஒரு நோய் இச்சில்லுக்கு உண்டு. எழுதி அழித்து எழுதி அழித்து ஓரளவுக்கு மேல் அது தேய்ந்துவிடும். எனவே அக்காலத்தில் லினக்ஸ் நிறுவியோர், நினைவகம் போதாதபோது சில்லையே நினைவகமாகக் கொள்ளும் இடமாற்றுப் பிரிவை வையாது விட்டனர். ஒரு கோவையைப் படிக்குந்தோறும் படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினர். ஏழங்குலத் திரையில் 480 வரிப்புள்ளிகளே உள்ளமையால் சில சாளரங்களின் அடிப்பகுதியும் அங்குள்ள சம்மதப் பொத்தானும் திரைக்கு வெளியே போய்விடும். ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை மேலே இழுத்துக்கொள்வதே அதற்கு வழி. முதலாண்டிலே கம்பியில்லா வலையமைப்புச் சில்லும் இலகுவில் வேலைசெய்யவில்லை. 2008இல் உபுண்டுவை இப்பொறிக்கென்றே இளைஞர் சிலர் இணக்கியெடுத்தபோதுதான் இத்தொல்லைகள் குறைந்தன. 2009 தொடக்கத்தில் அதற்கு ஈசிபீசி என்று பெயர் மாற்றினர். இவற்றையெல்லாம் கூலியின்றிச் செய்தவர்கள் பொறியை விற்ற நிறுவனத்தாரல்லர், அதை வாங்கியவர்களே.

கைக்கெட்டிய பொறியைக் காலத்துக்கேற்ப மாற்றுவதில் எமது பெற்றோர் எவர்க்கும் இளைத்தவரல்லர். 1990இன் பின் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத ஆண்டுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். ஒரு துளி பெற்றோல் காட்டி முடுக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 2009இல் யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் வெளிநாட்டு உறவினரின் பயணப் பெட்டிகளிலே நெட்புக்குகள் இங்கு வந்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரின் பிள்ளைகளுக்கு விண்டோஸை மாற்றுவது பெரும் வித்தையாகத் தோன்றியிராது.

ஆயின் தமிழின் நிலை யாது? வெளிநாட்டுப் பொறியைத் தமிழ் பேசவைத்தவர்களுள் முன்னோடி, சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூர் சென்ற ரா. முத்தையா. தமிழெழுத்துக்களைத் தட்டச்சு விசைகளில் அடக்குதற்கு அவர் கண்ட உபாயம் நகரா விசை. அதனை அழுத்தினால் எழுத்து விழும், தாள் நகராது. அடுத்த விசையின் எழுத்து அதனோடு சேர்ந்து ஓரெழுத்தாகும். கணினியில் அவ்விடர் வேறுவிதமாகத் தீர்ந்தது. 1991 ஒக்டோபரில் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. லினக்ஸும் யூனிகோட்டுத் தமிழும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். இரண்டாயிரமாம் ஆண்டளவிலிருந்து ஈழத்தவரும் தமிழகத்தாரும் புலம்பெயர்ந்தோருமாகப் பல தன்னார்வலர் லினக்ஸின் பட்டியல்களைத் தமிழாக்கி வந்துள்ளனர். இன்று டெபியனை நிறுவும்போது முதலாவதாகக் கேட்கப்படுவது மொழி. அந்நிரலிலே தமிழும் உண்டு. வரைகலை நிறுவியைத் தெரிந்தால் மட்டுமே அது தோன்றும். வெறும் எழுத்துத் திரையிலே எமது எழுத்துக்களை வரைய இயலாமையே காரணம்.

சொல்லாக்கத்தைப் பற்றி எழுதுமிடத்து வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை மானிப்பாயார் மறத்தல் தகாது. 1848 தொடக்கம் 1873 வரை, இடையிலே சில ஆண்டு நீங்கலாக, இவ்வூரில் வைத்தியம் செய்தும் வைத்தியம் கற்பித்தும் வாழ்ந்தவர் அவர். கிரேயின் உடற்கூற்று நூல் அவரது முயற்சியால் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடு 1872இல் தமிழில் வந்தது. தமிழ்ச்சொல் கிடைத்தால் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இணக்கியும் கையாண்டார். இரசாயனத்தைக் கெமிஸ்தம் என்றது இந்த மூன்றாம் வகை. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோருள் 33 பேர் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்றனர். சமயம் பரப்பும் நோக்கம் அவர்க்கு இருந்தது உண்மை. அதனால் அவரது தமிழ்த்தொண்டு சிறிதும் குறையாது.

அவ்வகுப்பு ஏன் நிலைக்கவில்லை? நூல் இல்லாமையாலன்று. நூல்கள் அவர் சென்ற பின்னரும் 1888 வரை வெளிவந்துகொண்டேயிருந்தன. 1870இல் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலே தொடங்கிற்று. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தோடு பிணைந்திருந்தது. மாணவரே ஆங்கிலத்தைக் கேட்டனர். கிறீன் சென்றபின் வகுப்பும் ஆங்கிலத்துக்கு மாறியது. மேலே 2008ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்ன காரணம் இதுவே. தமிழ்நாட்டிலே 2011 செப்டெம்பர் முதல் அரசு மாணவர்க்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், டெபியன் வழிவந்த இந்திய முறைமையாகிய பொஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே பொறியில் இருப்பின், பிள்ளை எதைத் திறக்கும்? பாடமும் பரீட்சையும் எதிலே நடக்கின்றனவோ அதனையே திறக்கும். கேரள அரசு தன் பாடசாலைகளின் கணினிப் பாடத்தையும் பரீட்சையையுமே சுதந்திர மென்பொருளுக்கு மாற்றியமையால் அங்கு அது வேரூன்றியது. பொறியில் ஏற்றிவிட்டாற் போதும் என்றிருப்போர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எம்மவரிலும் லினக்ஸ் நிறுவியோர் உளர். நிறுவிய பின் ஆங்கிலப் பட்டியலையே வைத்துக்கொள்வது அவர்களிற் பலரது வழக்கம். தமிழாக்கம் கரடுமுரடானது என்பர். கெமிஸ்தமும் கரடுமுரடுதான். ஆயினும் 33 பேர் அதைக்கொண்டு வைத்தியராயினர்.

விண்டோஸ் 10இற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11இனை நிறுவுதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் ஓரளவு புதிய செயலியும் வேண்டுமென்பதால், நன்றாக இயங்கும் பல கணினிகள் குப்பைக்குப் போகவிருக்கின்றன. லினக்ஸ் உலகமும் பழையதை என்றென்றும் சுமப்பதில்லை. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, ஈ பிசி 701 போன்ற 32 பிட் பொறிகளுக்கு நிறுவி தருவதை விட்டுவிட்டது. அவ்வகைப் பொறி வைத்திருப்போர் 2023இன் டெபியன் 12ஐயோ, அன்ரிஎக்ஸ் போன்ற இலேசான தொகுதிகளையோ நாடவேண்டும். விண்டோஸ் 10 ஓடிய கணினிகளிற் பெரும்பாலானவை 64 பிட் பொறிகள். அவற்றில் டெபியன் 13ஐயே நிறுவலாம். நிறுவுவோர் வரைகலை நிறுவியைத் தெரிந்துகொள்க. மொழி நிரல் திறக்கும்போது ஆங்கிலத்தின் மேலேயே அடையாளம் நிற்கும். சற்றுக் கீழே இறங்கினால் தமிழ் இருக்கும்.