பீட் ஃபென்லன்: இரவல் உலகின் வரைபடக்காரர்

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை நம்மில் பலர் திரைப்படமாகவே அறிவோம். அதன் மிடில் எர்த் உலகை, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான பீட் ஃபென்லன். 1980இல் வர்ஜீனியாவில் தொடங்கிய அயர்ன் கிரவுன் நிறுவனத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர்.

நாவலாசிரியர் டோல்கீனின் வரைபடத்தில் தெற்கும் கிழக்கும் பெரும்பாலும் வெறுமை. கதைக்கு அது போதும். ஆனால், ஆடுபவர் அங்கேயும் போவாரே! மலை, காடு, ஆறு, பாதை என ஃபென்லன் வண்ணத்தில் வரைந்து நிரப்பினார். விதிகளைவிட அந்த வரைபடங்களே எங்களை ஈர்த்தன.

உலகமோ இரவல். 1999இல் உரிமம் பறிபோக, அந்நூல்களின் விற்பனை நின்றது. மறு ஆண்டே நிறுவனம் திவாலானது. ஃபென்லன் பின்னர் மேஃபேர் கேம்ஸ் நிறுவனத்தின் தலைவராகி, கட்டான் பலகை விளையாட்டுடன் பயணித்தார்.