பனி சுமக்கும் பாரவூர்திகள்

மொன்றியலில் வசிக்கும் என் பள்ளித் தோழர் ஒருவர் பகலில் தொழிற்சாலையிலும், குளிர்கால இரவுகளில் பகுதிநேரமாகப் பனி அகற்றும் நிறுவனமொன்றின் பாரவூர்தியிலும் வேலை செய்தவர். அவரைக் காணச் சென்றபோதுதான் அத்தொழிலின் வரலாற்றில் எனக்கு நாட்டம் பிறந்தது.

ஒரு காலத்தில் அந்நகரின் வீதிகளிற் குவிந்த பனியை ஆட்கள் மண்வெட்டியால் வாரி, குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளில் ஏற்றினர். மோட்டார் வாகனங்கள் பெருகவே அந்த வேகம் போதவில்லை. கியூபெக் மாகாணத்தவரான ஆர்தர் சிக்கார், சூடடிக்கும் இயந்திரத்தைக் கண்டு பெற்ற எண்ணத்தை வளர்த்து, 1925இல் பனியை வாரி வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். 1927இல் மொன்றியலை அடுத்த உத்ரமொன் நகரசபை அதனை முதன்முதலாக வாங்கியது.

மண்வெட்டிகளுக்கு வேலை குறைந்தது. ஆனால் வீசப்படும் பனியை ஏந்த வாகனம் வேண்டுமே! சாரதி அவ்வியந்திரத்தின் அருகே, முந்தாமலும் பிந்தாமலும் ஊர்ந்து செல்லவேண்டும். நிரம்பியதும் அடுத்த பாரவூர்தி அவ்விடத்தைப் பிடிக்கும். முன்னர் பனியை நதியிலும் கொட்டினர். உப்பும் எண்ணெயும் நீரைக் கெடுத்ததால் அது கைவிடப்பட்டது. பிராங்கோன் என்னும் பழைய கற்குழியில் குவிக்கப்படும் பனி, கோடையிலும் முற்றாகக் கரைவதில்லை.

நண்பருக்கோ மணிக்கணக்கிற்றான் கூலி. பனி பொழிந்தால் தொலைபேசி ஒலிக்கும், இல்லையேல் மௌனம். பனி குறைந்த ஓராண்டில் தாயாருக்கு அனுப்பும் பணம் தடைப்பட்டதாம். வெயிலைக் கண்டு வருந்தும் யாழ்ப்பாணத்தவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். அவ்விரவும் வானம் தெளிந்தேயிருந்தது. தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அவர் உறங்கச் சென்றார்.