கரைவலையும் கொள்ளைநோயும்

கொள்ளைநோயின் வரலாற்றை இறந்தோர் தொகையால் மட்டும் எழுதிவிட முடியாது. 2020 மார்ச் 20ஆம் நாள் இலங்கையெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, முல்லைத்தீவுக் கரையை நோய்க்கு முன்னரே வேலையின்மை வந்தடைந்தது.

கரைவலை இழுப்போனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடிபட்ட மீனின் விலையிலே அவன் பெறும் பங்கே கூலி. சந்தை அடைபட்டால், வலை நிறைந்தும் கை வெறுமையே. அவ்வாண்டு ஒக்டோபரில், 300 கிலோமீற்றருக்கு அப்பால் பேலியகொடை மீன்சந்தை நோய்த்தொற்றால் மூடப்பட்டது. மீன் விலை சரிந்தது. மீனுண்ண மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி நவம்பரில் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார்.

விலைபோகாத மீனை உப்பிட்டுக் கருவாடாக்குதல், ஐஸ்கட்டியும் லொறியும் வருமுன்னரே நம் கரையோர மக்கள் கற்ற கைத்தொழில். நெருக்கடியில் அவர்களுக்குக் கைகொடுப்பது அதுவே. அரசும் ஏப்ரலிலும் மேயிலும் வறிய குடும்பங்களுக்கு 5000 ரூபா வழங்கிற்று. ஆயினும் உதவி வேறு, உரிமை வேறு.

2004இன் கடற்கோளையும் 2009இன் போரையும் கடந்த மக்களை, எதையும் தாங்குவோர் என்று புகழ்வது எளிது. அப்புகழ் உலையில் அரிசியாகாது. சந்தை மூடினும் உழைப்போன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கச் சட்டம் காவல் நிற்றல் வேண்டும். அதனைக் கேட்பதற்கே நாம் இவ்வரலாற்றைக் கற்கிறோம்.